பின்குறிப்புகள்: தேடலும் வடிவமைப்பும்

ஆய்வு நூல், வரலாற்றுக் கட்டுரைத் தொகுப்பு, விரிவான முன்னுரையோடு வரும் செம்பதிப்பு ஆகியவற்றில் வடிவமைப்பாளரின் நேரத்தை விழுங்குவது மூலப்பகுதி அல்ல, கடைசியில் வரும் குறிப்புகள்தான். மூலத்தில் ஒரு எழுத்து பிழையானால் அந்தச் சொல்லோடு போகும். குறிப்பெண் ஒன்று பிசகினால் அதன் பின்னால் வரும் அத்தனை சான்றும் தவறான நூலைக் காட்டும். நூலை நம்பி மேற்கோள் காட்டப்போகும் அடுத்த ஆய்வாளரும் சேர்ந்து தவறுவார். ஆகவே இந்த வேலையைப் பொறுமையாகச் செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டு டிடிபி நிலையங்கள் பலவும் பேஜ்மேக்கரில் பழகி வந்தவை. 1985இல் வெளியான அந்த மென்பொருள் 2001இல் வந்த 7.0 பதிப்போடு நின்றுபோனது. அதில் குறிப்புகளுக்கென்று தனி வசதி கிடையாது. எண்ணைக் கையால் அடித்து, மேலே தூக்கி, நூலின் கடைசியில் அதே எண்ணை மறுபடி அடித்துக் குறிப்பை எழுதினோம். அந்தப் பழக்கம் மென்பொருள் மாறிய பிறகும் நம் விரல்களை விட்டுப் போகவில்லை. இன்டிசைனில் அடிக்குறிப்பு வசதி 2005இல் சிஎஸ்2 பதிப்போடு வந்தது. பின்குறிப்புக்கு 2017 அக்டோபர் வரை, அதாவது சிசி 2018 பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குவார்க் எக்ஸ்பிரஸ் தன் 2015 பதிப்பிலும், அஃபினிட்டி பப்ளிஷர் இரண்டாம் பதிப்பிலும் இந்த வசதியைக் கொடுத்தன. இங்கே பரவலாகப் புழங்குவது இன்டிசைன் என்பதால் அதை வைத்தே இந்த இயலை எழுதுகிறேன்.

முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, பின்குறிப்பின் எண் நாம் அடிக்கும் எழுத்து அல்ல என்பது. மூலத்தில் ஒரு இடத்தையும் குறிப்புப் பக்கத்தில் ஒரு இடத்தையும் இணைக்கும் ஒரு குறி அது. குறி இருக்கும்வரை எண்ணை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். நடுவில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் மற்றவை தாமாக நகரும். குறியை அழித்துவிட்டு எண்ணை மட்டும் கையால் அடித்தால் அந்த இணைப்பு செத்துவிடும். அதை உயிரோடு காப்பாற்றுவதே இந்த வேலையில் பாதி.

வேர்டிலிருந்து கொண்டுவருதல்

ஆசிரியர் அனுப்பும் வேர்ட் கோப்பைப் ‘பிளேஸ்’ செய்யும்போது ‘ஷோ இம்போர்ட் ஆப்ஷன்ஸ்’ என்ற பெட்டியைத் தேர்வு செய்துகொள்ளுங்கள். அடுத்து வரும் சாளரத்தில் ‘ஃபுட்நோட்ஸ்’, ‘எண்ட்நோட்ஸ்’ இரண்டும் தேர்வாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் வேர்டில் உள்ள பின்குறிப்புகள் உயிருள்ள பின்குறிப்புகளாகவே வந்து சேரும். ஆசிரியர் அடிக்குறிப்பாக எழுதியிருக்க, பதிப்பகம் எல்லாவற்றையும் நூலின் கடைசிக்குக் கொண்டுபோகச் சொன்னால் கவலை வேண்டாம். ‘டைப்’ மெனுவிலேயே அடிக்குறிப்பைப் பின்குறிப்பாகவும், பின்குறிப்பை அடிக்குறிப்பாகவும் மாற்றும் கட்டளை இருக்கிறது.

நம் ஊரில் இதற்கு முன்பே ஒரு இடத்தில் குறிப்புகள் செத்துவிடுகின்றன. கையெழுத்துப்படி பாமினியிலோ வேறொரு பழைய எழுத்துருவிலோ இருக்கும். அதை யூனிகோடாக்க, உரை முழுவதையும் நகலெடுத்து இணையத்தில் உள்ள மாற்றிக் கட்டத்தில் ஒட்டி, மாற்றி, திரும்ப எடுத்து வருவோம். அந்தக் கட்டத்துக்குள் போவது வெறும் எழுத்து மட்டுமே. குறிப்புகளின் இணைப்பு, சாய்வெழுத்து, தடித்த எழுத்து எல்லாம் அங்கேயே உதிர்ந்துவிடும். நூறு குறிப்புகள் உள்ள நூலில் இப்படிச் செய்தால் அந்த நூறையும் கையால் திரும்பக் கட்ட வேண்டும். எழுத்துரு மாற்றத்தை வேர்ட் கோப்புக்குள்ளேயே மேக்ரோ கொண்டு செய்யுங்கள். அது கைவராவிட்டால் மூலத்தைத் தனியாகவும் ஒவ்வொரு குறிப்பின் உரையைத் தனியாகவும் மாற்றி, குறி இருக்கும் இடத்தைத் தொடாமல் சுற்றியுள்ள உரையை மட்டும் மாற்றி வையுங்கள். நேரம் பிடிக்கும். ஆனாலும் இணைப்புகளை இழந்து திரும்பக் கட்டுவதைவிட இது குறைந்த வேலை.

ஆசிரியரே எண்ணைக் கையால் அடித்து அனுப்பியிருந்தால், ‘ஃபைண்ட்/சேஞ்ச்’ சாளரத்தில் எழுத்து மாதிரிகளைக் கொண்டு தேடும் கிரெப் தாவலுக்குப் போய் ‘எந்த இலக்கமும்’ என்ற குறியைத் தேர்ந்து, அதன் பின் ‘+’ சேர்த்து, கீழே உள்ள வடிவப் பகுதியில் ‘சூப்பர்ஸ்கிரிப்ட்’ என்று கொடுத்துத் தேடுங்கள். மேலே தூக்கிய எண்கள் ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றையும் அழித்து, அந்த இடத்தில் ‘இன்செர்ட் எண்ட்நோட்’ கொடுத்து, குறிப்பின் உரையை ஒட்ட வேண்டும். எண்ணிக்கை அதிகமென்றால் ஸ்கிரிப்ட் தேடுவது நல்லது. இன்டிசைனில் கிரெப் பற்றி நூல் எழுதிய பீட்டர் காரெல், பின்குறிப்பு வசதி வருவதற்கு முன்பிருந்தே குறிப்புகளுக்கான ஸ்கிரிப்ட்களை எழுதி எல்லோருக்கும் கொடுத்துவருகிறார்.

அமைப்புச் சாளரம்

‘டைப்’ மெனுவில் ‘டாக்குமெண்ட் எண்ட்நோட் ஆப்ஷன்ஸ்’ என்பதைத் திறங்கள். மேலே தலைப்புக்கான இடம் இருக்கும். அதில் ‘எண்ட்நோட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் இருப்பதை அழித்து, பதிப்பகத்தின் வழக்கப்படி ‘குறிப்புகள்’ என்றோ ‘சான்றெண் விளக்கம்’ என்றோ இடுங்கள். இதை மறந்ததால் தமிழ் நூலில் ஆங்கிலத் தலைப்போடு அச்சாகிப்போன குறிப்புப் பக்கங்கள் உண்டு.

யோசித்து முடிவெடுக்க வேண்டிய இடம் ‘ஸ்கோப்’. குறிப்புகள் எல்லாம் நூலின் முடிவில் வர வேண்டுமா, ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலுமா? தமிழ்க் கட்டுரைத் தொகுப்புகளில் இரண்டாவதுதான் பெரும்பான்மை வழக்கம். அதற்கு ‘எண்ட் ஆஃப் ஸ்டோரி’ என்று கொடுக்க வேண்டும். இன்டிசைன் ‘ஸ்டோரி’ என்று சொல்வது ஒன்றோடொன்று கோத்த சட்டகங்களில் ஓடும் ஒரே உரையை. பன்னிரண்டு கட்டுரைகளையும் ஒரே வேர்ட் கோப்பாக வாங்கி ஒரே ஓட்டமாக விட்டிருந்தால், மென்பொருளின் கணக்கில் அது ஒரே ஸ்டோரி. குறிப்புகள் எல்லாம் பன்னிரண்டாம் கட்டுரைக்குப் பின்னால்தான் போய் நிற்கும். எண்ணும் கட்டுரைதோறும் ஒன்றிலிருந்து தொடங்காது. எனவே கட்டுரைகளைத் தனித்தனிக் கோப்பாக வாங்கி, தனித்தனி ஓட்டமாக விடுங்கள். இதை வேலையின் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். பக்கம் கட்டி முடித்த பிறகு பிரிப்பது பெரும்பாடு.

நூலை இயல்வாரியாகத் தனித்தனி இன்டிசைன் ஆவணங்களாக வைத்து ‘புக்’ கோப்பில் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பின்குறிப்புகள் அந்தந்த ஆவணத்துக்குள்ளேயே நிற்கும். எல்லா ஆவணங்களின் குறிப்புகளையும் திரட்டி நூலின் கடைசியில் வைக்கும் வசதி இதில் இல்லை. எல்லாம் கடைசியில்தான் வர வேண்டும் என்றால் ஒரே ஆவணமாக வேலை செய்யுங்கள். அப்போது ‘எண்ட் ஆஃப் டாக்குமெண்ட்’ என்றும், எண் வரிசையில் ‘ரீஸ்டார்ட் எவ்ரி ஸ்டோரி’ என்றும் கொடுத்தால் எண்கள் கட்டுரைதோறும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

புள்ளியும் எண்ணும்

இனி மூலத்தில் நிற்கும் எண். இன்டிசைனின் சூப்பர்ஸ்கிரிப்ட் அளவு, நாம் மாற்றாதவரை, எழுத்தளவில் 58.3 விழுக்காடு, தூக்கும் உயரம் 33.3 விழுக்காடு. மூலம் 11 புள்ளி என்றால் எண் ஏறக்குறைய 6.4 புள்ளிக்கு இறங்கிவிடும். ஆங்கில எழுத்துக்கு ஒத்துப்போகும் இந்தக் கணக்கு தமிழில் இடிக்கிறது. நம் வாக்கியங்கள் பெரும்பாலும் ‘என்கிறார்’, ‘வேண்டும்’, ‘உள்ளன’ என்று முடிகின்றன. முதல் இரண்டிலும் கடைசி எழுத்தின் தலையில் மெய்ப்புள்ளி இருக்கிறது. முற்றுப்புள்ளி இல்லாமல், வாக்கியத்தின் நடுவில் ‘என்கிறார்’ என்பதை ஒட்டி எண் வந்தால், ரகரத்தின் புள்ளியும் எண்ணின் கீழ்முனையும் ஒரே உயரத்தில் ஒட்டிக்கொள்ளும். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது தெரியாது. அச்சில் ‘1’ என்ற எண் ரகரத்தின் கொடி போலத் தோன்றும்.

இதற்கு இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவதாக, குறிப்பெண்ணுக்கென்று ஒரு கேரக்டர் ஸ்டைல் உருவாக்குங்கள். ‘குறிப்பெண்’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். அதில் தெளிவான எண்வடிவம் உள்ள எழுத்துருவையும், 7 அல்லது 7.5 புள்ளி அளவையும், 4 புள்ளியை ஒட்டிய ‘பேஸ்லைன் ஷிஃப்ட்’டையும் கொடுங்கள். அமைப்புச் சாளரத்தில் எண்ணின் நிலையை ‘நார்மல்’ ஆக்கி இந்த ஸ்டைலைச் சேர்த்துவிடுங்கள். நிலையையும் சூப்பர்ஸ்கிரிப்டாக வைத்து, ஸ்டைலிலும் தூக்கினால் எண் இருமடங்கு சுருங்கிக் கண்ணுக்கே தெரியாது. இரண்டாவதாக, ‘பிரிஃபிக்ஸ்’ கட்டத்தில் ‘ஹேர் ஸ்பேஸ்’ அல்லது ‘தின் ஸ்பேஸ்’ தேர்ந்து, அது மூலத்தில் வரும் எண்ணுக்கு மட்டும் என்று குறியுங்கள். மயிரிழை இடைவெளி ஒன்று எண்ணையும் புள்ளியையும் பிரித்துவிடும்.

எண் முற்றுப்புள்ளிக்கு முன்பா பின்பா என்பதில் பதிப்பகங்கள் வேறுபடுகின்றன. பின்பு வருவதே எனக்குச் சரியாகப் படுகிறது. புள்ளியெழுத்து மோதலும் அதனால் பாதி குறையும். எதைத் தேர்ந்தாலும் நூல் முழுக்க ஒன்றாக இருக்கட்டும்.

குறிப்பின் உரை

மூலம் அழகாக இருக்க, குறிப்புப் பக்கத்தில் மட்டும் தமிழ் உடைந்து கிடப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ‘கொடை’ என்ற சொல்லில் ககரத்துக்கு முன் வர வேண்டிய கொம்பு இடம் மாறி நிற்கும். ‘தொகை’, ‘பொருள்’ எல்லாம் இதே கதிதான். எழுத்துருவின் மீது பழி போடாதீர்கள். மூலத்துக்கு நீங்கள் அமைத்த பாராகிராஃப் ஸ்டைலில் ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ இருக்கிறது. குறிப்புகள் வேறொரு ஸ்டைலில், பெரும்பாலும் வேர்டிலிருந்து கூடவே வந்த ஸ்டைலில், இருக்கின்றன. அதில் இருப்பது சாதாரண கம்போசர், அதற்குத் தமிழ்க் கொம்பை இடமறிந்து வைக்கத் தெரியாது. குறிப்பு உரைக்கு உங்கள் மூல ஸ்டைலையே அடிப்படையாகக் கொண்ட புதிய ஸ்டைல் ஒன்றை உருவாக்கி, ‘ஜஸ்டிஃபிகேஷன்’ பகுதியில் கம்போசரைச் சரிபாருங்கள். பிறகு அமைப்புச் சாளரத்தில் அதைக் குறிப்புகளின் ஸ்டைலாக்குங்கள்.

டெமி 1/8 நூலுக்கு மூலம் 11 புள்ளி என்றால் குறிப்பு 9.5, வரியிடைவெளி 13 என்பது என் கணக்கு. 9க்குக் கீழே போகாதீர்கள். பக்கம் மிச்சம் பிடிக்க 8 புள்ளியில் குறிப்பு வைக்கச் சொல்லும் பதிப்பாளர்களிடம் அச்சடித்த மாதிரி ஒன்றைக் காட்டுங்கள். மெய்ப்புள்ளி மங்கி, ‘கல்’ என்பதும் ‘கல’ என்பதும் ஒன்றாகத் தெரியும். குறிப்புகளை இரண்டு பத்தியாகப் பிரிப்பதும் இந்த அளவு நூலில் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் வரிக்கு மூன்று சொல் நிற்கும், நடுவில் பள்ளம் பள்ளமாக இடைவெளி விழும். ஒற்றைப் பத்தியிலும் இரு ஓரமும் நேராக்காமல் இடப்பக்கம் மட்டும் நேராக விட்டால் படிக்க இதமாக இருக்கும்.

எண் வெளியே நிற்க, உரை உள்ளே தள்ளி ஒரே நேராக வருவதற்கு இடப்பக்க உள்தள்ளல் 7 மில்லிமீட்டர், முதல் வரி உள்தள்ளல் -7 மில்லிமீட்டர் கொடுங்கள். எண்ணுக்கும் உரைக்கும் நடுவே பிரிப்பானாக ‘டேப்’ இருக்கட்டும். 9.5 புள்ளியில் மூன்றிலக்க எண்ணும் புள்ளியும் இந்த அகலத்துக்குள் அடங்கிவிடும். நூறைத் தாண்டாத குறிப்புகளுக்கு 6 போதும்.

தமிழும் ஆங்கிலமும் அருகருகே வருவது குறிப்புகளில்தான் அதிகம். வேர்டில் நூற்பெயரைச் சாய்வெழுத்தாக்கியிருப்பார்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வெழுத்து வடிவம் கிடையாது. வேர்ட் தானாகச் சாய்த்துக் காட்டும், இன்டிசைன் அப்படிச் செய்யாது. இல்லாத எழுத்துரு என்று இளஞ்சிவப்புப் பட்டையடித்துக் காட்டும். தமிழ் நூற்பெயரைத் தடித்த எழுத்திலோ ஒற்றை மேற்கோளிலோ வையுங்கள். ஆங்கில நூற்பெயருக்கு மட்டும் உண்மையான சாய்வெழுத்துள்ள ஆங்கில எழுத்துருவைக் கேரக்டர் ஸ்டைலாகக் கொடுங்கள். இணைய முகவரி நீண்டு வரியை உடைத்தால், சாய்கோடுகளுக்குப் பின் ‘டிஸ்கிரெஷனரி லைன் பிரேக்’ செருகுங்கள். என்டர் அடிக்கக் கூடாது.

தேடுதல்

மூலத்தில் எண்ணின்மேல் வலது சொடுக்கினால் குறிப்பின் உரைக்கும், குறிப்பில் வலது சொடுக்கினால் மூலத்தில் அதன் இடத்துக்கும் போகும் கட்டளை வரும். ஒன்றிரண்டைச் சரிபார்க்க அது போதும். நூல் முழுவதற்கும் ‘ஃபைண்ட்/சேஞ்ச்’தான்.

அந்தச் சாளரத்தில் தேடும் எல்லையைச் ‘ஸ்டோரி’ என்று விட்டிருந்தால் குறிப்புகளுக்குள் இருப்பது அகப்படாது. பின்குறிப்புகள் தனிச் சட்டகத்தில் தனி ஸ்டோரியாக நிற்கின்றன. எல்லையை ‘டாக்குமெண்ட்’ ஆக்குங்கள். கீழே வரிசையாக உள்ள சிறு படங்களில் அடிக்குறிப்புகளைச் சேர்த்துத் தேடும் படமும் உண்டு. அது அடிக்குறிப்புக்கு உரியது. பின்குறிப்புக்கு அதை நம்ப வேண்டாம்.

குறிப்பெண்கள் அனைத்தையும் பிடிக்க, தேடும் கட்டத்தின் அருகிலுள்ள சிறப்புக் குறிகளின் பட்டியலைத் திறந்து ‘மார்க்கர்ஸ்’ என்பதன் கீழ் பின்குறிப்புக்கான குறியைத் தேர்ந்தெடுங்கள். மாற்றும் கட்டத்தைக் காலியாக விட்டு, மாற்றும் வடிவத்தில் மட்டும் ‘குறிப்பெண்’ ஸ்டைலைக் கொடுத்து ‘சேஞ்ச் ஆல்’ அழுத்துங்கள். கட்டம் காலியாக இருந்து வடிவம் கொடுக்கப்பட்டிருந்தால் இன்டிசைன் எழுத்தைத் தொடாது, வடிவத்தை மட்டும் மாற்றும். முடிந்ததும் எத்தனை இடத்தில் மாற்றியது என்று சொல்லும். அந்த எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, ஆசிரியரின் வேர்ட் கோப்பில் உள்ள குறிப்புகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு மெய்ப்புத் திருத்தச் சுற்றுக்குப் பிறகும் இதைச் செய்யுங்கள்.

ஏன் ஒவ்வொரு முறையும்? திருத்தம் வரும் வழி அப்படி. ஆசிரியர் ஒரு பத்தியைத் திருத்தி வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறார். பழைய பத்தியைத் தேர்வு செய்து மேலே ஒட்டுகிறோம். பழைய பத்தியில் இருந்த இரண்டு குறிகளும் போய்விடுகின்றன. இரண்டு குறிப்புகளும் சத்தமில்லாமல் மறைகின்றன, மற்ற எண்கள் ஒழுங்காகத் திரண்டு நிற்கின்றன. பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. எண்ணிக்கை மட்டுமே காட்டிக்கொடுக்கும். கிரெப் தேடலில் ‘எந்த எழுத்தும்’ என்ற குறியைத் தாராளமாகப் போட்டு மாற்றினாலும் இதே ஆபத்து உண்டு. பின்குறிப்பின் குறியும் மென்பொருளுக்கு ஒரு எழுத்துதான், அதையும் சேர்த்து விழுங்கிவிடும்.

குறிப்புப் பக்கத்துக்குள் தேட வேண்டியவையும் உண்டு. ‘ப.’ என்பதற்குப் பின் இடைவெளியும் எண்ணும் வரும் இடங்களைத் தேடி, இடைவெளியைப் பிரியா இடைவெளியாக மாற்றுங்கள். இல்லையென்றால் ‘ப.’ ஒரு வரியின் கடைசியிலும் எண் அடுத்த வரியின் தொடக்கத்திலும் நிற்கும். ‘பக்.’ என்பதற்கும் இப்படியே. பக்க எல்லைகளில் சிறுகோடும் நடுக்கோடும் கலந்து கிடந்தால் ஒன்றாக்குங்கள்.

‘மேலது’

எண்ணை மென்பொருள் காப்பாற்றும். குறிப்புகள் ஒன்றையொன்று சுட்டும் பொருளை அது அறியாது. தமிழ் ஆய்வு நூல்களில் பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நுழைகின்றன.

ஏழாவது குறிப்பு உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலைச் சுட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டாவது குறிப்பில் அதே நூலைச் சுட்ட ‘மேலது’ என்று போட்டுப் பக்க எண் மட்டும் இருக்கிறது. கடைசி மெய்ப்பில் ஆசிரியர் இரண்டுக்கும் நடுவே புதிய குறிப்பு ஒன்றைச் சேர்க்கிறார், அது 1894இல் வந்த ‘புறநானூறு’ பதிப்பைப் பற்றியது. மென்பொருள் எண்களை ஒழுங்காக நகர்த்திவிடும். ஆனால் இப்போது ஒன்பதாகிவிட்ட ‘மேலது’, ‘என் சரித்திர’த்தை விட்டுவிட்டுப் புறநானூற்றைக் காட்டிக்கொண்டிருக்கும். பக்க எண்ணைத் தேடிப் போகும் வாசகர் ஏமாறுவார். குறிப்பை நீக்கினாலும் இதே கோளாறு வரும். முன்பே சுட்டிய நூல் என்ற பொருளில் ‘மு.நூ.’ என்று சுருக்கியிருக்கும் இடங்களும் முழு விவரம் கொண்ட முதல் குறிப்பு நீங்கிவிட்டால் அநாதையாகிவிடும்.

ஆகவே ‘மேலது’ என்று ஆவணம் முழுக்கத் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் நின்று, அதற்கு முந்தைய குறிப்பைப் படித்துப் பாருங்கள். முந்தைய குறிப்பில் இரண்டு நூல்கள் இருந்தால் ‘மேலது’ எதைச் சொல்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டு, அங்கே நூற்பெயரையே போடச் சொல்லுங்கள். ‘மு.நூ.’ தேடலையும் இப்படியே நடத்துங்கள். பிறகு ‘குறிப்பு’ என்ற சொல்லை அடுத்து எண் வரும் இடங்களைத் தேடுங்கள். ‘காண்க: குறிப்பு 14’ என்பது கையால் அடித்த எண், நகராது. பதினான்காம் குறிப்பு இப்போது பதினைந்தாகியிருக்கலாம்.

பதிப்பகத்துக்கு ஒரு வார்த்தை: புதிய நூல்களிலாவது ‘மேலது’வைக் கைவிட்டு, ஆசிரியர் பெயரும் சுருக்கிய நூற்பெயரும் போடும் முறைக்கு மாறலாம். சில சொற்கள் கூடும், பிழை பெருமளவு குறையும்.

குறிப்புகளைக் கட்டுரைவாரியாகப் பிரித்துக் கட்டுரைத் தலைப்புகளை நடுவே கையால் இட வேண்டியிருந்தால், அதை எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகு செய்யுங்கள். முந்தைய குறிப்பின் கடைசியில் புதிய பத்தியாக அடிக்கும் தலைப்பு அந்தக் குறிப்பின் பகுதியாகவே கணக்காகும். அந்தக் குறிப்பை ஆசிரியர் நீக்கச் சொன்னால் தலைப்பும் சேர்ந்து போய்விடும்.

அச்சகத்துக்கான பிடிஎஃப் எடுக்கும் முன் எண்ணிக்கைத் தேடல், ‘மேலது’, ‘மு.நூ.’, ‘குறிப்பு’ ஆகிய நான்கையும் ஒருமுறை நடத்திவிடுங்கள். அதன் பிறகு ஆசிரியர் ஒரே ஒரு குறிப்பைச் சேர்க்கச் சொன்னாலும் நான்கையும் முதலிலிருந்து நடத்துங்கள்.